பானெட்டுக்கு அம்மை

அந்தத் தொழிற்சாலையில் டிராக்டர் செய்தார்கள். டிராக்டரின் எஞ்சினை மூடும் பானெட்டுக்கு அடிப்பூச்சு கொடுக்கும் பெரிய தொட்டி அவள் பொறுப்பில் இருந்ததால், அவளுக்கு டேங்க் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். சம்பளம் போடுகிறவர்கூட ஒருமுறை வாய் தவறி அப்படித்தான் கூப்பிட்டார்.

தொட்டி என்றால் குளியலறைத் தொட்டி மாதிரி நினைத்துவிடக் கூடாது. நாலு பேர் தாராளமாக நீச்சல் அடிக்கலாம். தண்ணீரைப் போல நீர்த்த சாம்பல் நிறப் பெயிண்ட் அதில் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்கும். சங்கிலியில் தொங்கி வரும் பானெட் அதற்குள் முங்கும். மின்சாரம் பாய்ந்ததும் பெயிண்ட் தானாக இரும்பைத் தேடிப் போய், கை நுழையாத மூலை முடுக்கில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஒரு கழுவல், அப்புறம் அடுப்பு. அடுப்பை விட்டு வெளியே வரும் பானெட்டைத் தடவினால் முட்டை ஓட்டைத் தடவுவது போல இருக்கும். அந்த வழவழப்புக்கு மேல்தான் பக்கத்துப் பகுதியில் சிவப்பு வண்ணம் அடிப்பார்கள்.

ஒரு காலையில் அடுப்பு வாசலில் பானெட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த ஆள், அவள் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் ஓடி வந்தான். தலைநிறையச் சுருள் முடி அவனுக்கு. எல்லோருக்கும் அவன் சுருள்தான்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க. பானெட்டுக்கு அம்மை போட்டிருக்கு."

அவள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். அவன் சொன்னதில் மிகையே இல்லை. மூடி முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள். ஒவ்வொரு குழியையும் சுற்றி ஒரு மெல்லிய வரம்பு, நடுவில் இரும்பு மினுங்கியது. அடுத்த பானெட்டிலும் அதே கதை. அதற்கடுத்ததில் இன்னும் மோசம்.

இந்தக் குழி எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்புச் சூட்டில் பெயிண்ட் இளகிப் பரவும் நேரத்தில், எங்காவது ஒரு துளி எண்ணெய்ப்பசை இருந்துவிட்டால் போதும். பெயிண்ட் அந்த இடத்தைவிட்டு, பிடிக்காதவர் வீட்டு வாசலைக் கண்ட மாதிரி, ஒதுங்கிப் போய்விடும். ஒதுங்கிய இடம் குழி. எப்படி வரும் என்பது சரி, எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

அவள் நேராக பிரஸ் பிரிவுக்குப் போனாள். தகடுகளை அழுத்தி பானெட்டாக வளைப்பது அங்கேதான். அதற்குத் தகட்டில் எண்ணெய் தடவுவார்கள். அந்தப் பிரிவின் தலைவருக்கு 'இடி' என்று பெயர். வருஷக்கணக்காக இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, தாழ்ந்த குரல் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. ரகசியம் சொன்னால்கூட வாசல் காவலருக்குக் கேட்கும்.

"சார், எண்ணெய் மாத்தினீங்களா?"

"ஆரம்பிச்சாச்சா! வானத்துல மேகம் வந்தாலும் எங்க எண்ணெய்தான் காரணம்னு சொல்லுவீங்களே! அதே எண்ணெய்தாம்மா! அதே டிரம்! வேணும்னா வந்து மோந்து பாரு!"

"அம்மை அம்மையா வந்திருக்கு சார். எங்கயாவது எண்ணெய் இல்லாம இது வராது."

"அப்ப உங்க கழுவுற தொட்டி தூங்குது! எண்ணெய எடுக்கத்தானே அதை வெச்சிருக்கு!"

அதிலும் நியாயம் இருந்தது. திரும்பி வந்து கழுவும் தொட்டியின் சூட்டை ஏற்றினாள். மருந்தின் அளவைச் சோதித்துக் கூட்டினாள். சங்கிலிக்குப் போடும் மசகு எங்காவது சொட்டுகிறதா என்று ஏணி போட்டு ஏறிப் பார்த்தாள். வடிகட்டிப் பைகளை மாற்றினாள். குழிகள் குறைந்த மாதிரி ஒரு பாவனை காட்டிவிட்டு மறுநாள் முழு வேகத்தோடு திரும்பின. குழி விழுந்த பானெட்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப முக்கினார்கள். தேய்த்தவர்களின் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். மேனேஜர் தினமும் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, "என்னம்மா இது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

வீட்டில் அவள் கணவன் இதற்கு நேர்மாறாக, வானத்தில் பறந்துகொண்டிருந்தான். அவனும் அவன் அக்காவும் சேர்ந்து கடைத்தெருவில் ஒரு லாண்டரி நடத்தினார்கள். ஓட்டல் படுக்கை விரிப்புகளையும் சில வீட்டுத் துணிகளையும் நம்பி ஓடிக்கொண்டிருந்த கடை. அந்த மாதம்தான் முதல்முறையாகத் தொழிற்சாலைச் சீருடைகளையும் துடைக்கும் துணிகளையும் வெளுக்கும் வேலை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. மனைவி சிபாரிசு செய்யவில்லை. ஊரில் இருந்த எல்லா லாண்டரிகளையும் கூப்பிட்டுப் பார்த்து, இவன் துவைத்ததுதான் சுத்தம் என்று எடுத்திருந்தார்கள். அதில் அவனுக்குத் தனிப் பெருமை.

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று தட்டில் சாப்பாடு வைப்பதற்கு முன்பே கேட்பான்.

"நல்லா இருக்குன்னாங்க."

"நல்லா இருக்குன்னா? எப்படி நல்லா?"

"பூனைக்குட்டி மாதிரி மெத்துனு இருக்காம். வீட்டுக்குப் போயும் கழட்ட மனசு வரலயாம். சுருள் சொன்னான்."

"பூனைக்குட்டி!" அவன் அன்று இரண்டு முறை கூடுதலாகச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "உனக்கு என்ன, இன்னும் அந்தக் குழிதானா? விடு. பெயிண்டுதானே, நாளைக்குத் தானா ஒட்டிக்கும்" என்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எந்திரத்தில் குற்றம் இல்லை என்றால் மனிதர்களிடம் இருக்க வேண்டும். தலைக்குத் தேய்ப்பது, முகத்துக்குப் பூசுவது, கைக்குத் தடவுவது என்று பலவற்றில் எண்ணெய் மாதிரி வழுக்கும் சிலிகோன் இருக்கும். பெயிண்டுக்கு அதைக் கண்டால் ஆகவே ஆகாது. அவள் ஆய்வறை மேசையைக் காலி செய்துவிட்டு ஓர் உத்தரவு போட்டாள். உடம்பில் பூசும் எதை வைத்திருந்தாலும் கொண்டுவந்து வைக்க வேண்டும். கேள்வி கேட்க மாட்டேன். யாருடையது என்று சொல்லவும் மாட்டேன்.

மதியத்துக்குள் மேசை ஒரு சின்ன அழகு நிலையம் ஆகிவிட்டது. சுருள், முடியைச் சுருளாக வைத்திருக்க மூன்று புட்டிகள் வைத்திருந்தான். பிறந்ததிலிருந்தே சுருள் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவன். சிரித்தே பார்த்திராத வாசல் காவலர், ரோஸ் நிற டப்பா ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, "வெயிலுக்கும்மா, டாக்டர் சொன்னது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் தன் தலைக்கான ஜெல்லை உதவியாளர் மூலம் அனுப்பி வைத்தார். கடைசியாக இடி வந்தார். மேசையில் ஒரு குட்டி டப்பாவை டொக்கென்று வைத்தார்.

"மீசைக்கு," என்று ரகசியமாகச் சொன்னார். அடுப்புப் பகுதி வரைக்கும் கேட்டது. இரண்டு பேர் வடிகட்டிக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார்கள்.

மறுநாள் அவள் மேசைமேல் பீங்கான் குவளைகளை வரிசையாக அடுக்கினாள். பெரிய தொட்டியில் நடப்பதைக் குவளைக்குள் சின்னதாகச் செய்து பார்ப்பதுதான் திட்டம். குவளையில் பெயிண்ட், அதில் ஒவ்வொருவர் பொருளிலும் ஒரு துளி, ஒரு சின்னத் தகடு, கொஞ்சம் மின்சாரம், பிறகு ஆய்வறை அடுப்பு. எது அம்மை போடுகிறதோ அது குற்றவாளி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு குவளையில் எதையும் கலக்காமல் வெறும் பெயிண்டை மட்டும் வைத்தாள்.

தகடுகள் வெளியே வந்தபோது எல்லாவற்றிலும் குழி. எதுவும் கலக்காத தகட்டிலும் குழி.

"அப்ப யாருமே குற்றவாளி இல்ல, இல்லாட்டி எல்லாருமே குற்றவாளி" என்றான் சுருள். தலைக்கு எதுவும் போடாமல் வந்ததில் அவன் முடி குடைபோல விரிந்து நின்றது.

அவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். பெயிண்டை எடுத்ததே அந்தக் கெட்டுப்போன தொட்டியில் இருந்துதானே! கிடங்குக்குப் போய் மூடி திறக்காத பெயிண்டைக் கொண்டுவரச் சொல்லி, புதிதாகக் கரைத்தாள். குவளைகளைக் கழுவி, தகடுகளைத் துடைத்து, மறுபடி முதலில் இருந்து செய்தாள். இந்த முறையும் எதுவும் கலக்காத தகட்டில் குழி இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

புதுப் பெயிண்ட், புதுத் தகடு, கழுவிய குவளை. இதில் எண்ணெய்ப்பசை எப்படி வரும்? தான் செய்ததை எல்லாம் மனதுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கிடங்கு, கரைத்தது, கழுவியது, துடைத்தது. துடைத்த துணி தோளிலேயே கிடந்தது. அதை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

ரோஜா வாசனை. அவள் வீட்டுத் தலையணை உறையில் வரும் அதே வாசனை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

இனிமேல் யோசிக்க ஒன்றும் இல்லைதான். ஆனாலும் ஊகத்தில் வீட்டுக்காரரைக் குற்றவாளி ஆக்க முடியாதல்லவா? ஒரு குவளையையும் தகட்டையும் துணி படாமல் காற்றில் உலர்த்தினாள். இன்னொன்றில் அந்தத் துணியின் ஒரு மூலையை முக்கிப் பிழிந்தாள். காற்றில் உலர்ந்ததன் தகடு முட்டை ஓடு போல வந்தது. துணி பிழிந்ததன் தகடு சல்லடை. மேனேஜரின் ஜெல்கூட அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அந்தத் துணிகளால்தான் தொட்டியின் விளிம்பைத் தினமும் துடைத்தார்கள். வடிகட்டிப் பை மாற்றும்போது உள்ளே விட்டு வழித்தார்கள். அவளே எத்தனை முறை அந்தத் துணியைத் தொட்டியின் கழுவல் தண்ணீரில் அலசியிருக்கிறாள்! எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராக லாண்டரிக்குப் போனாள். கடையில் ஆவி மண்டியிருந்தது. நாத்தனார் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். சுவரோரம் நீல நிறப் பெரிய கேன் ஒன்று இருந்தது. அதன்மேல் ரோஜாப் படம்.

"அண்ணி, இது என்ன?"

"சாஃப்ட்னர். கடைசி அலசல்ல ஊத்தணும். நான்தான் தம்பிகிட்ட சொல்லி வாங்க வெச்சேன். ஓட்டல்காரங்க உயிரை விடுறாங்க. உங்க ஆளுங்களுக்கும் அதேதான் ஊத்துறோம், குறை வைக்கல. ரெண்டு மூடி கூடத்தான் ஊத்துறது."

கேனைத் திருப்பிப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தாள். சிலிகோன் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

கணவன் உள்ளிருந்து ஈரக் கையோடு வந்தான். "என்ன, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

வரும் வழியெல்லாம் அவள் பதமாக ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று. பையிலிருந்து இரண்டு தகடுகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது துணி படாதது. இது நீங்க துவைச்ச துணி பட்டது."

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அழுக்கா துவைச்சிருக்கேன்கிறியா?"

"இல்லீங்க. நல்லா துவைச்சிருக்கீங்க. ரொம்ப நல்லா. மெத்துனு இருக்கு பாருங்க, அதுதான் பெயிண்டுக்கு ஒத்துக்கல."

"நல்லா துவைச்சதுதான் தப்பா!" என்றாள் நாத்தனார். "ஏம்மா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல குறை கண்டுபிடிக்க உனக்கு ஒரு தொட்டி பெயிண்ட் வேண்டியிருந்துச்சா?"

"அக்கா, சும்மா இரு" என்றான் அவன். ஆனால் அவன் முகம் சுருங்கித்தான் இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழி விழுந்த தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். அவளும் பக்கத்தில் நின்றாள். எந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றான்.

"இப்போதைக்கு உங்களுக்கும் எனக்கும். அண்ணிக்கும்."

"நீ சொல்லித்தானே ஆகணும்."

"சொல்லணும்."

"வேலை போயிடுமே."

"போகலாம்."

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். "அப்ப நீ தனியா போய்ச் சொல்லாதே. புருஷனைக் காப்பாத்துறான்னும் பேச்சு வரும், காட்டிக் கொடுத்துட்டான்னும் பேச்சு வரும். நானே வந்து சொல்றேன்."

மறுநாள் அவன் கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அந்தச் சட்டையை அவளே எதுவும் கலக்காமல் பச்சைத் தண்ணீரில் மறுபடி அலசிக் காயவைத்திருந்தாள். மேனேஜர் அறையில் இடியும் உட்கார்ந்திருந்தார். அவன் ரோஜாப் படம் போட்ட கேனைத் தரையில் வைத்து, "சார், உங்க அம்மைக்குக் காரணம் இதுதான். ஊத்தினது நான்" என்று ஆரம்பித்தான். அவள் தகடுகளைக் காட்டி மிச்சத்தைச் சொன்னாள்.

மேனேஜர் தகட்டைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், தன் சீருடையின் கையை மோந்து பார்த்தார்.

"இவ்வளவு நாளா வீட்ல என்ன சோப்பு மாத்தினாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

இடி எழுந்து நின்றார். "அப்ப என் எண்ணெய்?"

"உங்க எண்ணெய் சுத்தம் சார்" என்றாள் அவள். "தெரியாம சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"என்னது? சரியா கேக்கல!"

"உங்க எண்ணெய் சுத்தம்!" என்று அவளும் கத்தினாள். வாசல் காவலர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இடிக்கு அப்போதுதான் திருப்தி. தன் மீசை டப்பாவைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் வேலையைப் பறிக்கவில்லை. இதற்கு முன் இருந்த லாண்டரிக்காரர் துணிகளை எண்ணெய்க் கறையோடு திருப்பி அனுப்பியது அவருக்கு மறக்கவில்லை. "இந்த ரோஜாவெல்லாம் இல்லாம உங்களால துவைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"வாசனை வேணாம், மெத்துனும் வேணாம், வெறும் சுத்தம் மட்டும். அவ்வளவுதானே சார்? அது சுலபம்" என்றான் அவன்.

அது அப்படி ஒன்றும் சுலபமாக இல்லை. சாஃப்ட்னர் ஊற்றாமல் துவைத்து அனுப்பிய முதல் துணிக்கட்டைச் சோதித்தபோதும் அவள் தகட்டில் குழி விழுந்தது. ஊற்றுவதை நிறுத்தினாலும் எந்திரத்தின் வாயிலும் குழாயிலும் பழசு வழுவழுவென்று படிந்திருந்தது. அவன் அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டான். ஒரு எந்திரத்தைத் தனியாகப் பிரித்து, குழாயைப் புதிதாக மாற்றி, காரம் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் திரும்பத் திரும்ப வெறுமனே ஓட விட்டான். கதவில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு, ஓட்டல் துணி எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது என்று தடை விதித்தான். நாத்தனார் ஒருநாள் மறதியாக அதில் ஒரு விரிப்பைப் போடப் போக, "அக்கா! கையை எடு!" என்று அவன் போட்ட சத்தத்தில் இஸ்திரிக்கு வந்த வாடிக்கையாளர் துணியை விட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

"எங்க அப்பா என்னை இப்படிக் கத்தினதில்ல" என்று நாத்தனார் தம்பி மனைவியிடம் முறையிட்டாள். "எல்லாம் உன் தொட்டியால. ஆனா ஒன்னு. அந்தக் கதவைத் துடைக்கவும் ஓட்டல் துணியை எடுக்க விடமாட்டேங்கிறான். அதுவும் நியாயம்தான் போல இருக்கு."

இந்தப் பக்கம் அவள் தொட்டியோடு மல்லுக்கட்டினாள். எண்ணெயை உறிஞ்சும் பைகளை வடிகட்டியில் மாட்டினாள். கழுவல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுப் புதுசு சேர்த்தாள். வீணான பானெட்டுகளை உள்ளே அனுப்பி, கெட்டதை அவற்றோடு ஒட்டவைத்து வெளியேற்றினாள். குழிகள் இந்த முறை பாவனை காட்டாமல் நிஜமாகவே குறைந்தன. ஒரு மதியம் லாண்டரி அனுப்பிய துணியைக் குவளையில் பிழிந்து பார்த்த தகடும், அடுப்பிலிருந்து வந்த பானெட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுத்தமாக வந்தன. சுருள் டார்ச்சை எப்படி எப்படியோ சாய்த்துப் பார்த்தான். இடி நேரில் வந்து உள்ளங்கையால் நீளத் தடவினார்.

"ம்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே மெதுவாகப் பேசியது அதுதான்.

அவள் உடனே லாண்டரிக்குப் போன் போட்டாள். "சுத்தம்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். மறுமுனையில் அவன் நாத்தனாரிடம் ஏதோ சொல்வதும், அவள் "அப்பாடா!" என்பதும் கேட்டது. அப்புறம் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. ஆவி என்று பிறகு சொன்னான்.

சீருடைகள் அட்டை மாதிரி விறைப்பாகிவிட்டன என்று ஆட்கள் புலம்பினார்கள். அக்குள் உரசுகிறது என்று சுருள் மனு கொடுத்தான். "பானெட் வேணுமா, பூனைக்குட்டி வேணுமா?" என்று அவள் கேட்டாள். அவன் யோசிக்க நேரம் கேட்டான்.

அடுத்த வாரம் ஒரு மாலை அவளும் கணவனும் ஸ்கூட்டரில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிக்னலில் பக்கத்தில் ஒரு நீள லாரி வந்து நின்றது. முதுகில் வரிசையாகச் சிவப்பு டிராக்டர்கள், இன்னும் ஓடாத புதுச் சக்கரங்களோடு. அவன் வண்டியை அவளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிப் போய், லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, முதல் பானெட்டின்மேல் போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தான். அவள் பிடிப்பது மாதிரியே.

ஓட்டுநர் தலையை நீட்டினார். "என்னங்க பாக்குறீங்க?"

"அம்மை இருக்கான்னு பாக்குறேன்."

ஓட்டுநர் பதறிப்போய்க் கண்ணாடியில் தன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கா?"

விளக்கு பச்சையாகி, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. அவள் ஸ்கூட்டரைப் பிடித்தபடி சிரித்த சிரிப்பில் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. "ஐயோ, இறங்குங்க!" என்று கத்தினாள்.

"இரு, இன்னும் ரெண்டு பானெட் பாக்கி" என்றான் அவன்.